எட்டு கிலோ குறைய வேண்டும்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் செம்பூரில் ஓர் அறையும் ஒரு சமையலறையுமாகக் குடியிருந்தபோது, எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு விமானத்தின் அலுமினியக் குழாய்கள் கிடந்தன. பெருக்கும்போது துடைப்பம் அவற்றில் இடிக்கும். இடிக்கும்போதெல்லாம் என் கணவருக்குத் திட்டு விழும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவருக்குக் கோபமே வராது என்று அப்போது நினைத்திருந்தேன்.

அவர் ஒரு பாய்லர் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். நான் ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். மாதுங்காவில் என் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பிய ஒருநாள், கிங் சர்க்கிள் நடைபாதைக் கடையில் ஒரு பழைய வெளிநாட்டுப் பத்திரிகையை அவர் கையில் எடுத்தார். ஒரே ஆள் உட்கார்ந்து பறக்கும் குட்டி விமானத்தை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. குழாயும் துணியும் மோட்டார் சைக்கிள் எஞ்சினும் போதுமாம். "இதைப் பண்ணிடலாம் போலிருக்கே" என்றார், பரணுக்கு ஒரு பலகை அடிப்பதைப் பற்றிச் சொல்வதுபோல. ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்று விட்டுவிட்டேன். மூன்று வருஷமாகியும் மறக்கவில்லை.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். மாதுங்காவில் பூக்கடையில் நின்றால் போதும், உறவுக்காரர் யாராவது வந்து காதோடு, "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" என்பார்கள். "உண்டே. ஒரு இறக்கை முடிஞ்சாச்சு, இன்னொண்ணு தைக்கக் குடுத்திருக்கு" என்று ஒரு மாமியிடம் சொன்னேன். அதன் பிறகு அந்த மாமி என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

தைக்கக் கொடுத்த இடம் தாராவி. அங்கே பை தைக்கும் பட்டறை வைத்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். அவருடைய வாப்பா காலத்திலேயே பம்பாய்க்கு வந்துவிட்ட குடும்பம். ஆள் தொண்ணூறு கிலோ இருப்பார், சிரித்தால் தையல் மெஷின்களின் சத்தம் அமுங்கிப் போகும். நைலான் துணியைத் தடித்த ஊசியில் தைக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று தேடிப் போன என் கணவர், இறக்கையின் வரைபடத்தை அவர் முன்னால் விரித்தார். நீளமான ஓர் உறை. குழாய்ச் சட்டத்தின் மேல் மாட்டினால் இறக்கை. பைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சாரு, இவ்வளவு நீளப் பையில என்ன சரக்கு வப்பாவ?"

"சரக்கு நான்தான்" என்றார் என் கணவர்.

"ஆளத் தூக்குத பைய இதுவரைக்கும் நான் தச்சதில்ல. ஆனா தச்சிருவேன்" என்றார் அவர். அன்றிலிருந்து பாதி விமானம் அவருடையது. என்னைத் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

தைத்தும் கொடுத்தார். போய்ப் பார்த்தால் இரண்டும் இடது இறக்கை. குற்றம் என் கணவருடையது. ஆபீஸ் வழக்கப்படி ஒரே ஓர் இறக்கையை வரைந்து, ஓரத்தில் "இரண்டு எண்ணம்" என்று எழுதியிருந்தார். அவருடைய ஆபீஸில் அதற்குப் பக்கத்தில் "ஒன்று எதிர்க்கை", அதாவது ஒன்றை மறுபக்கமாகத் திருப்பிச் செய்யவும், என்று ஒரு வரி சேர்த்து எழுதுவார்களாம், அதை விட்டுவிட்டார். பையில் இரண்டு பக்கத் துணியும் ஒன்றுபோல இருக்கும். ஆகவே பைக்காரர் துணியை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். என் கணவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். பைக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. ஓர் இறக்கைக்குள் தோள்வரை கையை விட்டு, பையைத் திருப்புவதுபோல உள்ளே இருப்பதை வெளியே இழுத்தார். இடது வலது ஆகிவிட்டது. துணிக்கு ஒரு பக்கம் மட்டும் பளபளப்புப் பூச்சு, அதனால் கடைசிவரை எங்கள் விமானத்துக்கு ஓர் இறக்கை மின்னும், மற்றது மங்கலாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரு டெம்போவில் ஏற்றிக் கடல் கழியின் பாலத்தைத் தாண்டி சான்பாடாவுக்குக் கொண்டுபோனோம். சான்பாடா அப்போது வீடு வருவதற்கு முன்னால் ரோடு வந்துவிட்ட இடம். மண் கொட்டி நிரவி, நேர்கோடாக ரோடு போட்டு, நடுவில் விளக்குக் கம்பம்கூட நடாமல் விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் உப்பளம், கடைசியில் நாலைந்து பனைமரங்கள். ரோட்டோரத்தில் ஒரு செங்கல் வியாபாரியின் காலிக் கொட்டகை. பைக்காரருக்குத் தெரிந்தவர் என்பதால் விமானத்தை அங்கே நிறுத்த விட்டார். பறக்க அனுமதி கேட்டு என் கணவர் அரசாங்கத்துக்கு எழுதிப் போட்டார். பதிலாக இன்னொரு படிவம் வந்தது, அதையும் நிரப்பி அனுப்பினார். பதில் வரும்வரை யாரும் மரத்துக்கு மேலே போகக் கூடாது என்று தனக்குத்தானே ஒரு விதி எழுதி, என்னை அதை டைப் அடிக்கச் சொல்லிக் கொட்டகைக் கதவில் ஒட்டினார்.

டைப் அடித்ததில்தான் வினை ஆரம்பித்தது. பத்திரிகையில் இருந்த "பறப்பது எப்படி" பகுதியையும் நான்தான் கார்பன் வைத்து அடித்துக் கொடுத்தேன். ஒரு விஷயத்தை இரண்டு தடவை டைப் அடித்தால் எனக்கு மனப்பாடம். விமானத்தை ஓட்டும் குச்சியை எப்போது இழுக்க வேண்டும், எஞ்சின் நின்றால் மூக்கை எப்படித் தாழ்த்த வேண்டும் என்பதெல்லாம் அவரைவிட எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தரையிலேயே ஓட்டிப் பழகினோம். அவர் ஒரு நடை, நான் ஒரு நடை. பிப்ரவரியில் ஒருநாள் என் முறை. எதிர்க்காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. ரோட்டின் பாதியில் திடீரென்று சக்கரத்தின் கடகட சத்தம் நின்றுபோனது. எனக்கு ஒரு கணம் புரியவில்லை. குனிந்து பார்த்தால், ரோடு ஒரு முழம் கீழே இருக்கிறது! பயந்துபோய் எஞ்சினைக் குறைத்தேன். தொப்பென்று இறங்கியது. திரும்பிப் பார்த்தால் என் கணவர் செருப்பை விட்டுவிட்டு ஓடி வருகிறார்.

"எழும்பித்து! நம்ம விமானம் எழும்பித்துடி!" என்றார். கண்ணில் தண்ணீர். உடனே என்னை இறக்கிவிட்டுத் தான் ஏறினார். ஒரு நடை, இரண்டு நடை, நாலு நடை. சக்கரம் ரோட்டை விடவே இல்லை.

பிறகு அவர் கொட்டகை நிழலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். எங்கள் எஞ்சின் பழையது, பத்திரிகையில் சொன்ன பலம் அதற்கு இல்லை. அது தூக்கக்கூடிய ஆள் அறுபது கிலோவுக்குள் இருக்க வேண்டும். நான் நாற்பத்தைந்து. அவர் அறுபத்தெட்டு. "எட்டு கிலோ. குறைச்சுடறேன்" என்றார்.

பைக்காரர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "மழைக்கு முன்னால யாராச்சும் ஒருத்தர் இந்த ரோட்டுல இந்தக் கடைசிலேருந்து அந்தக் கடைசி வரைக்கும் பறந்தே ஆவணும் சாரு. மே மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம வச்சிக்கிடுவோம். அன்னைக்கு நீங்க அறுவது இருந்தா நீங்க. இல்லன்னா தங்கச்சி. பேச்சு மாறக் கூடாது."

"அவளா? அவளுக்கு எதுக்கு? நான் குறைச்சுடுவேன்" என்று என் கணவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, எனக்கு வேண்டும் என்று இருந்தது. அந்த ஒரு முழ உயரத்தை விட்டு மனசு இறங்கவே இல்லை. பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்சீட்டுக்குச் சண்டை போடுகிறவள் நான். இந்த விமானத்தில் முதலில் பறக்கும் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன். அதற்கு அவர் அறுபது கிலோவுக்கு வரக் கூடாது. அவர் சாப்பாடு என் கையில்.

மறுநாளே பத்தியம் ஆரம்பித்தது. பட்டியலை அவரே எழுதிச் சமையலறையில் ஒட்டினார். காலையில் கஞ்சி, மத்தியானம் கொஞ்சம் சாதமும் மோரும், ராத்திரி இரண்டு சப்பாத்தி, பயத்தம்பருப்பு, கீரை. எண்ணெய் கிடையாது, நெய் கிடையவே கிடையாது. பாலக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து, பருப்புக்கு நெய் ஊற்றாமல் இலையில் கைவைத்தறியாத மனுஷர் இதை எழுதினார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று ராத்திரியே சப்பாத்தி மாவில் இரண்டு ஸ்பூன் நெய்யைப் போட்டுப் பிசைந்தேன்.

அவர் சாப்பிடும்போது தட்டைப் பார்க்க மாட்டார். பக்கத்தில் வரைபடம் இருக்கும். அது எனக்கு வசதியாகப் போயிற்று. கீரையில் வெண்ணெய், பருப்பில் முந்திரி அரைத்து விட்டது, கஞ்சியில் பாலாடை. நெய்யின் வாசனை தூக்காமல் இருக்கப் பெருங்காயத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவேன். ஒருநாள் கீரையை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்: "பத்தியச் சாப்பாடு இத்தனை ருசியா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா எப்பவோ ஆரம்பிச்சிருப்பேன்." நான் சட்டென்று திரும்பிக் குழாயைத் திறந்து பாத்திரம் தேய்த்தேன்.

சனிக்கிழமை தோறும் ஆபீஸ் விட்டதும் தாராவியில் எடை பார்ப்பது. பட்டறைக்கு எதிரில் இருந்த தோல் கிடங்கின் மேடைத் தராசில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார். பைக்காரர் குண்டை நகர்த்தி, சந்து முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். "அறுவத்தாறு! சாரு, ஏக்தம் பராபர், ரொம்பச் சரி!" தோல் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டுவார்கள். அறுபத்தாறு அறுபத்தைந்து ஆனது. என் நெய்யையும் மீறி அவர் இளைத்தார், ஏனென்றால் குர்லாவிலேயே ரயிலை விட்டிறங்கிச் செம்பூர்வரை நடக்க ஆரம்பித்திருந்தார். ஏப்ரலில் அறுபத்துநாலு. எனக்குக் கவலை வந்துவிட்டது. கஞ்சியில் தேங்காய்ப்பாலும் சேர்த்தேன்.

மே மாதம் இரண்டாவது ஞாயிறுக்கு முந்தின நாள், அறுபத்திரண்டரை. பைக்காரர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. என் கணவர் சட்டையைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை ஏறினார். மூக்குக் கண்ணாடியையும் கழற்றினார். தராசின் குண்டு அதே இடத்தில் நின்றது. "சரி" என்றார். வீட்டுக்கு வந்து என் ஹெல்மெட்டின் வாரை அவரே ஊசி நூல் வைத்துத் தைத்துக் கெட்டிப்படுத்தினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சல்வாரைக் கணுக்காலில் கயிற்றால் கட்டிக்கொண்டு, பின்னலைச் சட்டைக்குள் செருகி உட்கார்ந்தேன். அவர் எல்லா நட்டையும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தார். பைக்காரர் விசிறியைச் சுற்றிவிட்டார். எஞ்சின் பிடித்தது. முன்னால் ரோட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. கடகட சத்தம் நின்றது. இந்தத் தடவை நான் குறைக்கவில்லை.

ஒரு நிமிஷம் இருக்குமா? அதற்குமேல் இராது. பனைமரத்தின் முக்கால் உயரம் போயிருப்பேன். உப்பளத்தின் பாத்திகள் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தன. தூரத்தில் பாலத்தில் ஒரு லாரி போனது. கொக்கு ஒன்று என்னைவிடத் தாழ்வாகப் பறந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன், அந்தச் சத்தத்தில் என் சிரிப்பு எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அதுதான் உண்மை. குற்ற உணர்ச்சி ஒரு துளி இல்லை. இறங்கும்போது மூன்று தடவை குதித்தது, ஒரு சக்கரம் கோணியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் ரோடு முழுக்க ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. சக்கரத்தைப் பார்க்கவில்லை. "எப்படி இருந்தது? ஒண்ணு விடாம சொல்லு" என்றார். சொன்னேன். கொக்குவரை சொன்னேன். அவர் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்து, "உனக்குக் கிடைக்க வேண்டியதுதான்டி. மூணு மாசம் எனக்காக நீயும் அந்தப் பத்தியத்தைத்தானே சாப்பிட்டே" என்றார்.

அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சப்பாத்தி மாவு, கீரை, முந்திரி, பாலாடை, பெருங்காயம். பைக்காரர் முதலில் வாயைப் பொத்தினார், பிறகு அடக்க முடியாமல் விமானத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன தங்கச்சி, சொந்த மாப்பிள்ளைக்கே இப்படிப் பண்ணிட்டிய!"

என் கணவர் சிரிக்கவில்லை. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "குர்லாவிலேருந்து நடந்தேனே" என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்குக் கோபம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. வேண்டியதை வரைபட எழுத்தில் சீட்டு எழுதி வைப்பார்: "காபி – ஓர் எண்ணம்." மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன், கத்திப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். காபி நல்லா இருந்தது என்றுகூட ஒரு சீட்டு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் பென்சிலும் தாளுமாகச் சமையலறைக்கு வந்தார். "ஒரு நாளைக்கு எவ்வளவு நெய் போட்டே? மறைக்காமச் சொல்லு" என்றார். ஸ்பூனைக் காட்டினேன். முந்திரியைக் கைப்பிடியில் காட்டினேன். வெகுநேரம் பெருக்கி வகுத்தார். கடைசியில் தாளை என் பக்கம் திருப்பி, ஓர் எண்ணுக்கு அடியில் இரண்டு கோடு போட்டார். நெய் இல்லாதிருந்தால் அன்றைக்கு அவர் ஐம்பத்தொன்பதரை இருந்திருப்பாராம். "பார்த்தியா? நான் ஜெயிச்சிருப்பேன்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. என்னை மன்னித்தாரா என்று தெரியாது, ஆனால் கணக்கு அவர் பக்கம் வந்ததில் அவருக்கு நிம்மதி.

மழை நாலு மாதம். அந்த நாலு மாதமும் நான் நிஜமாகவே பத்தியம் சமைத்தேன். வாயில் வைக்க வழங்கவில்லை. அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார், நானும் அதையே சாப்பிட்டேன். அவருக்குக் கழுத்து எலும்பு தெரிய ஆரம்பித்தது. சட்டைகளைப் பிடித்துத் தைத்தேன். தீபாவளிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை பைக்காரர் தராசின் குண்டை நகர்த்திவிட்டு, "அறுவது!" என்று கூவியபோது, கிடங்கிலிருந்து ஆட்கள் வெளியே வந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானே பாஸானது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் அவர் ஏறினார். சக்கரம் தரையை விட்டது. நானும் பைக்காரரும் கை தட்டினோம். பேச்சு என்னவென்றால், நான் செய்ததுபோல நேராகப் போய் ரோட்டின் கடைசியில் இறங்க வேண்டும். அவர் ரோட்டின் கடைசியில் இறங்கவில்லை. ஏறினார். பனைமரங்களைத் தாண்டி மேலே போனார். மரத்துக்கு மேலே போகக் கூடாது என்று விதி எழுதிக் கதவில் ஒட்டிய ஆள்! பிறகு ஒரு பக்கம் சாய்ந்து உப்பளத்தின் மேல் திரும்பினார். பத்திரிகையில் திருப்புவது பற்றி இரண்டே பாராதான் இருந்தது. எனக்கு அது மனப்பாடம், அவருக்கு இல்லை.

"என்ன பண்றேள்? இறங்குங்கோ! இறங்குங்கோன்னா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"சாருக்கு எங்க தங்கச்சி கேக்கப் போவுது" என்றார் பைக்காரர். ஆனால் அவரும் சிரிக்கவில்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

எஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. நான் மேலே இருந்த அந்த ஒரு நிமிஷத்தில் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கீழே நிற்பவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை. இப்போது என் கால் தானாக ரோட்டில் ஓடியது. எதைப் பிடிக்க ஓடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு பெரிய வானத்தில் அவ்வளவு ஒல்லியாக ஒரு மனுஷர். அப்படி ஒல்லியாக்கி அங்கே அனுப்பியவள் நான்.

ஆறு நிமிஷம் கழித்து, சைக்கிளை விட்டு இறங்குவதுபோல அலுங்காமல் இறங்கினார். முதுகில் ஓர் அடி வைத்துவிட்டுத்தான் நான் அழுதேன். ஆனால் அந்த ஆறு நிமிஷமும் நான் எந்தச் சுவாமியையும் கூப்பிடவில்லை. மனசில் ஒரே நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது: நெய்யை நிறுத்தியிருக்கக் கூடாது.